அரைக் கட்டை மேலே

ஞாயிறு காலைகளில் பேஸ் கிடார்க்காரர்கள் ஆம்ப்ளிஃபயர் மெக்கானிக்கின் பட்டறையில் கூடுவார்கள். கூடி வாசிப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பேசுவார்கள். வாசிப்பதற்கு நேரம் ஏது?

அவர்களில் ஒருவருக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் உத்தியோகம். ஒன்பது பேஸ் கிடார்கள் சேகரித்து வைத்திருப்பதால் கலெக்டர் என்று பெயர். ஒன்பதில் நான்கு இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வந்து உலகம் பார்க்கவில்லை. இன்னொருவர் சைக்கிள் கடை. ஒரு கதவு அளவுப் பலகையில் சத்தத்தை மாற்றும் பெடல்களாக வரிசை கட்டி வைத்திருந்தார். மிதித்தால் வண்டி நகராது, சத்தம் மாறும். மாறுகிறது என்று அவர் சொல்வார், மற்றவர்கள் மறுப்பதில்லை. மெக்கானிக் எல்லாருடைய ஆம்ப்பையும் பிரித்துப் போட்டிருப்பதால், யாரும் அவரோடு சண்டை போடுவதில்லை.

நான்காவது ஆள் எக்ஸ்ரே. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே ஒரு பேண்டில் சேர்ந்து மேடை ஏறி வாசிப்பவள் அவள் ஒருத்திதான். இந்தக் குறையை மற்றவர்கள் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு விவாதம் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றி.

"பதினஞ்சு இஞ்ச் ஸ்பீக்கர்ல வர்றதுதான் சத்தம்," என்றார் கலெக்டர். "பத்து இஞ்ச்ல வர்றது வெறும் தகவல்."

"நீங்க கடைசியா எப்ப சார் ஆம்ப்பை ஆன் பண்ணீங்க?" என்றார் மெக்கானிக், சால்டரிங்கிலிருந்து தலை தூக்காமல்.

"ஆன் பண்ணாமலே சொல்லலாம். அனுபவம்."

அப்போதுதான் எக்ஸ்ரே உள்ளே வந்தாள். பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"என்னைத் தூக்கிட்டாங்க."

"எங்கருந்தும்மா?" என்றார் சைக்கிள் கடை.

"தொட்டில்லருந்து. கேக்கறார் பாரு கேள்வி! பேண்ட்லருந்துதான்."

பேண்டின் தலைவர் அவளுடைய அத்தான், கூடப் பிறந்த அக்காவின் கணவர். இன்னிசைச் செம்மல் என்ற பட்டத்தை யாரும் கொடுக்கத் தாமதித்ததால் தானே எடுத்துக்கொண்டவர். பேனரில் அவர் முகம் ஆளுயரத்துக்கு இருக்கும். மற்றவர்கள் தபால் தலை அளவில் ஓரமாக இருப்பார்கள். எக்ஸ்ரே அதிலும் இல்லை, டிரம்ஸ் மறைத்துவிட்டது. ஊரின் பெரிய ஓட்டலில் மாதந்தோறும் மதிய விருந்தும் நடனமும் நடத்தப் போகிறார்கள். ஒரு வருஷத்துக்கு ஒரே பேண்ட். மேடையோ சின்னது. யாரைக் குறைக்கலாம் என்று யோசித்த அத்தானுக்கு, கீபோர்டுக்காரரின் இடது கை அதிக வேலை இல்லாமல் கிடப்பது கண்ணில் பட்டது. பேஸின் கீழ்ச் சுரங்களை அந்தக் கையே போட்டுவிடும். பதினெட்டு வருஷமாகக் கூட வாசிக்கும் மச்சினியிடம் இதை நேரில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனைவியை விட்டுச் சொல்ல வைத்தார்.

"இது ஆம்ப் கோளாறு," என்று கலெக்டர் தீர்ப்புச் சொன்னார். "உன்னோடது சின்னப் பெட்டி. சத்தத்துல சதை இல்ல."

"கம்ப்ரஸர் பெடல் வாங்குன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?" என்றார் சைக்கிள் கடை.

"அத்தான் பேஸைக் கேட்டிருந்தாத்தானே சார் அது நல்லாருக்கா இல்லையான்னு பேசணும்? அவருக்கு அவர் குரல் மட்டும்தான் கேக்கும். அதுவும் சரியாக் கேக்காது." எக்ஸ்ரே குரலைத் தாழ்த்தினாள். "எந்தப் பாட்டானாலும் ரெண்டாவது சரணத்துல அரைக் கட்டை ஏறிடுவாரு. உணர்ச்சி வந்துடும். அவர் ஏறின உடனே நானும் கழுத்துல ஒரு ஃப்ரெட் மேல விரலை நகர்த்திடுவேன். என்னைப் பார்த்து கிடார் மாறும். கீபோர்டு கையை எடுத்துட்டு தாள் புரட்டற மாதிரி நடிக்கும். இப்படித்தான் பதினெட்டு வருஷமா ஓடுது."

மெக்கானிக் அப்போதுதான் தலை தூக்கினார். சால்டரிங் இரும்பு மட்டும் புகைந்தது.

"அது வேணும்னே பண்ற அரேஞ்ச்மென்ட் இல்லையா?" என்றார் கலெக்டர், மெல்ல.

"அரேஞ்ச்மென்ட்டா! விபத்து சார்."

"அடப்பாவமே," என்று சைக்கிள் கடை நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரெண்டாவது சரணத்துல பாட்டையே ஒரு படி தூக்கறாங்க, மாடுலேஷன்னா இதுதான்டான்னு வீடியோ எடுத்து எத்தனை பேருக்கு அனுப்பியிருக்கேன்!"

"கீழ நிக்கிற சுரம் எதுவோ, அதை வெச்சுத்தான் மேல பாடறவர் சரியா தப்பான்னு காது முடிவு பண்ணும். கீழ நான் நகர்ந்துட்டா அவர் சரி. நகரலேன்னா அவ்வளவுதான்."

"கீபோர்டோட இடது கையும் நகரலாமே?" என்றார் மெக்கானிக்.

"அவர் தாளைப் பார்த்து வாசிக்கறவர் அண்ணே. தாள்ல அத்தான் ஏற மாட்டார்."

சொல்லிவிட்டு அங்கேயே அத்தானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தான், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஓட்டல்ல முதல் பாதி இடது கையோட பாடுங்க. ரெண்டாவது பாதி நான் வாசிக்கறேன். எது வேணும்னு மேனேஜர் சொல்லட்டும். நான் வேணாம்னா அப்படியே விலகிக்கறேன், அக்காகிட்டகூட மூச்சு விடமாட்டேன்."

"தாராளமா வாம்மா," என்றது போன், பெருந்தன்மை வழிய. "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. சங்கீதத்துல உணர்ச்சிக்கெல்லாம் இடமில்லை."

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனார்.

விருந்து நாளன்று கலெக்டர் பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் வைத்த தன் வால்வு ஆம்ப்பை இரவல் தந்தார். பீரோ கனம் இருந்த அதை நான்கு பேர் சுமந்தார்கள். கலெக்டர் முன்னால் நடந்து வழி சொன்னார். வால்வு சூடேற நேரம் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே போடச் சொல்லிவிட்டதால், முதல் பாதி முழுக்க அது மேடை மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்துகொண்டு சும்மா நின்றது. பக்கத்தில் எக்ஸ்ரேயும் சும்மா நின்றாள்.

முதல் பாட்டு நன்றாகவே தொடங்கியது. ஜோடிகள் ஆட வந்தார்கள். இரண்டாவது சரணம் வந்தது. அத்தான் கண்ணை மூடினார், கையை நெஞ்சில் வைத்தார், ஏறினார். கீபோர்டு தாளில் உள்ளபடி கீழேயே நின்றது. மழையில் உப்பிய கதவை நிலைக்குள் அழுத்திச் சாத்துகிற சத்தம் கூடத்தை நிறைத்தது. நடனமாடியவர்களின் கால்கள் ஒன்றையொன்று மிதித்தன. இரண்டாவது பாட்டிலும் அதே. மூன்றாவதில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்து மேசைகளுக்குத் திரும்பிவிட்டார்கள். ஓட்டல் மேனேஜர் மட்டும் தளத்தின் நடுவே நின்று, வேலைக்கான புன்னகையை முகத்தில் பிடித்து வைத்திருந்தார். அதுவும் வழுக்கிக்கொண்டிருந்தது.

இடைவேளையில் அத்தான் மைக்கைக் குற்றம் சொன்னார். பிறகு ஏசியை. பிறகு கீபோர்டுக்காரரைப் பார்த்து, "உங்க இடது கைல சுருதி சேரல," என்றார்.

"கீபோர்டுக்குக் கம்பெனிலயே சுருதி சேர்த்துத்தான் சார் அனுப்பறாங்க," என்றார் அவர்.

எக்ஸ்ரே பேஸைத் தோளில் மாட்டினாள். சைக்கிள் கடை தன் பெடல் கதவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எது வேணுமோ எடுத்துக்கோ, எல்லாத்துக்கும் கரன்ட் குடுத்து வெச்சிருக்கேன்."

"ட்யூனர் மட்டும் போதும் சார்." அந்தப் பலகையிலேயே சத்தத்தை மாற்றாமல் சுருதி மட்டும் பார்க்கும் ஒரே பெடல் அதுதான். சைக்கிள் கடைக்கு அதுவும் பெருமைதான். "என் பெடல்," என்று பக்கத்து மேசையில் சொல்லிவிட்டு வந்தார்.

"அக்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் கீபோர்டுக்காரர்.

"இடது கையைப் பாக்கெட்ல வெச்சுக்கங்க."

அவர் உடனே வைத்துக்கொண்டார்.

எக்ஸ்ரே தடித்த கம்பியைத் தட்டினாள். சத்தம் காது வழியாக வரவில்லை, செருப்பு வழியாக ஏறியது. மேசைகளில் கரண்டிகள் சிணுங்கின. இப்படியொரு ஆம்ப்பை இத்தனை வருஷம் போர்வை போர்த்தித் தூங்க வைத்திருக்கிறாரே இந்த மனிதர் என்று அவளுக்குக் கலெக்டர் மேல் கோபம் வந்தது. ஆனாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் சொன்ன சதை இதுதான்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் முழங்கால்கள் மேசைக்கு அடியில் ஆடின. பிறகு ஆட்களே எழுந்து வந்தார்கள்.

இரண்டாவது சரணம். அத்தான் கண்ணை மூடினார், ஏறினார்.

எக்ஸ்ரே ஏறவில்லை.

ஒரே ஒரு தாளச் சுற்று, நகராமல் நின்றாள். கிடாரும் அவளைப் பார்த்து நின்றது. அத்தான் மட்டும் மேலே தனியாகத் தொங்கினார். மூடிய கண் திறந்தது. வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கடைசியில் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே மச்சினி ஒரு புருவத்தை உயர்த்திக்கொண்டு நின்றாள். விரல் எந்த ஃப்ரெட்டில் இருக்கிறது என்பதை அவர் நன்றாகப் பார்க்கும்வரை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அதை வழுக்கி ஒரு ஃப்ரெட் மேலே கொண்டுபோனாள்.

படி இல்லாத இடத்தில் வைத்த காலுக்கு அடியில் படியே நகர்ந்து வந்து சேர்ந்ததுபோல், அவர் குரல் ஊன்றி நின்றது. கிடார் வந்து ஒட்டிக்கொண்டது, கீபோர்டின் வலது கை பழையபடி தாள் புரட்டப் போனது. கூடம் கைதட்டி ஆர்ப்பரித்தது. "மாடுலேஷன்னா இதுதான்யா!" என்று யாரோ கத்தினார்கள். அது சைக்கிள் கடைதான். உண்மை தெரிந்த பிறகும் அவருக்கு அப்படித்தான் கேட்டது.

பாட்டு முடிந்ததும் மேனேஜர் மேடை ஓரத்துக்கு ஓடி வந்தார். "சார், ரெண்டாவது பாதி மாதிரியே வருஷம் முழுக்க வேணும். அந்தம்மா கண்டிப்பா இருக்கணும்."

அத்தான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "என் மச்சினி சார். பேஸ் இல்லாம ஒரு பேண்டான்னு நான்தான் ஆரம்பத்துலருந்தே சொல்லிட்டிருக்கேன்."

"அத்தான், மைக் ஆன்ல இருக்கு," என்றாள் எக்ஸ்ரே.

கூடம் முழுக்கச் சிரித்தது. அத்தானும், வேறு வழியில்லாமல், முதலில் உதட்டால் மட்டும் சிரித்து, பிறகு வயிறு குலுங்கவே சிரித்துவிட்டார். "சரி தாயே," என்றார், மைக்கிலேயே. "அடுத்த மாசமும் நீதான். எல்லா மாசமும் நீதான். பாட்டை எடு."

அவள் எடுத்தாள். ஒருவர்கூட உட்காரவில்லை. கலெக்டர், ஆடுவதற்கு இடம் கிடைக்காமல், தன் ஆம்ப்புக்குப் பக்கத்திலேயே நின்று ஆடினார். பதினஞ்சு இஞ்ச், பதினஞ்சு இஞ்ச் என்று வருகிறவர் போகிறவர் காதிலெல்லாம் கத்தினார். இரண்டாவது சரணம் வந்தபோது அத்தான் முதலில் திரும்பிப் பார்த்தார். எக்ஸ்ரே தலையசைத்தாள். ஏறினார், பேஸும் கூடவே ஏறியது. சந்தோஷம் தாங்காமல் மறுபடி திரும்பினார், மறுபடி தலையசைத்தாள், இன்னொரு அரைக் கட்டை. மூன்றாவது முறையும் கேள்வியோடு பார்த்தார்.

தொண்டை தாங்குமா என்பது அவர் கவலை. பேஸின் கழுத்தில் இன்னும் எத்தனையோ ஃப்ரெட் பாக்கி இருந்தது. போகலாம் என்றாள்.