மோனிகாவின் சைக்கிளுக்கு ஆதிதாளம்

சந்திரமௌலி கெட்டவன் இல்லை. அளப்பான், அவ்வளவுதான். ஜெர்மனியில் ஆஹென் நகரத்துக்கு எஞ்சினீயரிங் படிக்க வந்த முதல் வருஷமே, பேராசிரியர் தன்னைக் கேட்காமல் எந்த மெஷினையும் தொடுவதில்லை என்று ஊருக்கு எழுதிய ஆள். கூட அறையில் இருந்த பாவத்துக்கு நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கெமிஸ்ட்ரி லேபில் ஆராய்ச்சி செய்த திருச்சி வைதேகியிடம் மட்டும் அது பலிக்கவில்லை. பெண் கேட்டவனிடம் அவள் நேராகவே சொல்லிவிட்டாள், புளுகுகிற மனுஷனோடு குடித்தனம் நடத்த முடியாதென்று. பையன் சோறு இறங்காமல் கிடந்தான். எனக்கே பரிதாபமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டு டீட்டர் எங்களைக் கூப்பிட்டான். அவனும் நண்பர்களுமாக ஒரு ராக் அண்ட் ரோல் குழு வைத்திருந்தார்கள். 'மோனிகாவின் சைக்கிள்' என்று ஒரு பாட்டு. இசைத்தட்டாகப் பதியும் நாளன்று டிரம்ஸ்காரனுக்குக் கை சுளுக்கு. யாராவது தாளத்துக்குக் கைதட்டினால் போதும் என்றான் டீட்டர். மயிலாப்பூர் சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடை சிவக்கத் தாளம் போட்டவனிடமா இதைக் கேட்பது? சந்திரமௌலி கோட்டைக் கழற்றிவிட்டு, மைக்குக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

தட்டச் சொன்னால் தட்டவேண்டியதுதானே. இவன் முறையாக ஆதிதாளம் போட்டான். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. விரலும் வீச்சும் எந்த மைக்கில் விழும்? ஒலிப்பதிவாளர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, மிச்சத் தட்டெல்லாம் எங்கே என்று கேட்டார். அவை விரலில் இருக்கின்றன என்று சந்திரமௌலி பொறுமையாக விளக்கினான். திரும்பப் பதிய நேரமில்லை. வாசலில் அடுத்து ஒரு மாதாகோவில் பாடகர் குழு காத்திருந்தது. எக்கேடோ கெடட்டும் என்று அப்படியே இசைத்தட்டு வெளியானது.

அது பிய்த்துக்கொண்டு போனது. நடன அரங்குகளில் ஜோடிகள் ஒரு தட்டு தட்டிவிட்டு, அடுத்த தட்டு வராமல் திகைத்து, சும்மா நிற்பானேன் என்று ஒரு சுற்று சுற்றினார்கள். அதுவே ஒரு நடனமாகிவிட்டது. அந்தக் கைத்தட்டை ஹாம்பர்க் துறைமுகத்தில் ஓர் அமெரிக்க மாலுமியிடம் கற்றதாக டீட்டர் பேட்டி கொடுத்தான்.

சந்திரமௌலிக்கு ஜெர்மனி நம்பவேண்டியதில்லை, வைதேகி நம்பினால் போதும். அது தன் கைத்தாளம் என்று சொன்னான். அவள் சிரிக்கக்கூட இல்லை. நான் சாட்சி சொன்னேன். என்னையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நிஜம் சொன்னவன் முகத்தை அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாணவர் விடுதிக் கூடத்தில் யாரோ அந்த இசைத்தட்டைப் போட்டார்கள். வைதேகி காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் இருவரும் எதிரில் இருந்தோம். பாட்டு பிடித்ததாகத் தெரியவில்லை, ஆனால் அவளையறியாமல் கை மடியில் தாளம் போட ஆரம்பித்தது. விரலும் வீச்சும் பாட்டின் இடைவெளிகளை நிரப்ப, தாளம் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆதிதாளம் தெரிந்தவன் எவனோ என்று மட்டும் ஒப்புக்கொண்டாள். அது இவன்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாள்.

பாட்டில் மோனிகாவின் சைக்கிள் மலையிறங்கியதும் கித்தார்கள் ஒரே வெட்டாக நின்றன. எல்லோரும் பேச்சுக்குத் திரும்பினார்கள். வைதேகி மட்டும் தலையைச் சாய்த்தாள். ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்து, கடைசிப் பகுதியை மறுபடி கேட்டாள்.

"பாட்டு நின்னப்புறமும் ரெண்டு தட்டு விழறதே," என்றாள்.

அவர்கள் பாதி ஆவர்த்தனத்தில், நாலாவது எண்ணிக்கையோடு நிறுத்திவிட்டார்கள், மிச்சத் தாளத்தை முடிக்காமல் எழுந்துவர மனசு வரவில்லை என்று சந்திரமௌலி முனகினான்.

வைதேகி அவனை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தாள்.

"எல்லாரும் எழுந்து போனப்புறமும் உக்காந்து முடிச்சுட்டு வர மனுஷர்னா, புளுகறதைப் போகப்போகப் பாத்துக்கலாம். அப்பாவுக்கு எழுதறேன்," என்றாள்.

அவள் லேபுக்குப் போனதும் சந்திரமௌலி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதை வெளியில சொன்னா ஒருத்தன்கூட நம்பமாட்டானேடா, பாஸ்கரா."