ஆர்லன் ஏன் கேட்கவில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. பாதியை நடீன் தபால் அலுவலக வரிசையில் நின்றபடி என் காதில் போட்டாள். மீதிப் பாதியை ஆர்லன் தன் மாட்டுத் தொழுவத்தில் வைத்து என் வீட்டுக்காரரிடம் சொன்னான். அவர் கால்நடை மருத்துவர். பெண்டாட்டியிடம் சொல்வதெல்லாம் வெளியே சொன்னதாகாது என்பது அவர் கட்சி.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு பேருமே சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். எழுதக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் எங்கள் மாவட்டத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் என் கதைகளைத் தொடுவதில்லை.

2

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதினேன்.

"பரந்த புல்வெளியில் காற்று மெல்லப் பாடிக்கொண்டிருந்த" — அடித்துவிட்டேன். இங்கே காற்று பாடாது, லாரியைக் கவிழ்க்கும்.

"மாநகர இரைச்சலில் தன்னையே தொலைத்த ஒரு பெண், அமைதியைத் தேடி" — அட போங்கப்பா. அவள் வேலைக்கு வந்தாள்.

சாதாரணமாகவே சொல்கிறேன். நடீனுக்கு நாற்பத்தொரு வயது, சிகாகோக்காரி. திக்கிப் பேசும் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க இரண்டு வருட ஒப்பந்தத்தில் எங்கள் பள்ளிக்கு வந்தாள். நான் அங்கே கணக்கு ஆசிரியை. வந்த புதிதில் என் வகுப்பறைக்குள் நுழைந்து, "இந்த ஊர்ல ராத்திரி எட்டு மணிக்கு மேல என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "தூங்குவோம்" என்றேன். அன்றிலிருந்து சிநேகிதம்.

இப்படிப்பட்டவள் போயும் போயும் வாயே திறக்காத மாட்டுப் பண்ணைக்காரன் ஆர்லன் மேல் ஆசைப்பட்டாள். பேச்சுப் பயிற்சிக்காரிக்குப் பேசாத ஆம்பளையா, கதைக்காக வைத்த பொருத்தம் என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. அவனை வாயாடியாக மாற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஆள் மாறிப்போனான். அழித்துவிட்டு உண்மையையே வைத்துக்கொண்டேன்.

3

போன வருடம் மே மாதம், ஆர்லன் பண்ணையில் கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாள். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாம் கூடுவார்கள். யாருக்கு எந்த வேலை என்று பண்ணைக்காரன்தான் சொல்வான். வெளியூர்ப் பெண் என்றால் நேரே சமையலறை, உருளைக்கிழங்கு உரி என்பார்கள். நடீனும் கத்தியும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். ஆர்லன் உள்ளே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தடுப்பூசித் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. அந்த ஊசியை அவன் அம்மாவுக்குப் பிறகு யாரிடமும் கொடுத்ததில்லை. எங்கள் பக்கத்தில் இது பத்துப் பக்கக் கடிதத்துக்குச் சமம்.

நடீனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பதினேழு கன்றுகளுக்கு ஒழுங்காகப் போட்டாள். பதினெட்டாவது ஒரு உதை விட்டது பாருங்கள், ஊசி நேரே ஆர்லனின் தொடையில் இறங்கியது.

"ஐயோ! செத்துடுவீங்களா?" என்று அலறினாள்.

ஆர்லன் தொடையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "கன்னுக்குட்டிக் காய்ச்சல் மட்டும் வராது" என்றான்.

பக்கத்துப் பண்ணை விர்ஜிலுக்கு இது போதாதா? "டேய் ஆர்லன்! அப்படியே காதுல நம்பர் வில்லையும் மாட்டிவிடச் சொல்லுடா! யாரு மந்தைன்னு ஊருக்குத் தெரியட்டும்!"

[இங்கே அவள் கன்னம் சிவந்ததைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எல்லோருக்கும்தான் சிவந்திருந்தது, வெயில்.]

அறுபது மைல் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் ஓட்டிக்கொண்டு போனாள். அன்று தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து வேலி பார்க்கப் போனார்கள். பனிக்காலம் முழுக்க, அவள் எழுவதற்குள் அவள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போயிருப்பான். சந்தோஷமாக இருந்தாள். பாவி, கண்கூடாகத் தெரிந்தது.

4

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் நாளை வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். சிகாகோவில் பழைய வேலை காத்திருக்கிறது.

நடீன் என்னிடம் சொன்னது: "'இரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இருந்துடுறேன். ஒரே ஒரு வார்த்தை! அதுகூட வரலைன்னா நான் அவனுக்கு யாரு? வேண்டாதவளா எதுக்குடி இங்க ஒட்டிக்கிட்டு இருக்கணும்?"

ஆர்லன் என் வீட்டுக்காரரிடம் சொன்னது: "மொத பொண்டாட்டி நான் கேட்டுத்தான் இங்க இருந்தா, டாக்டர். ஒம்பது வருஷம் ஜன்னல் வழியா ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. இன்னொருத்திய அப்படி உக்கார வைக்க மாட்டேன். நடீன் தானா இருந்தா இருக்கட்டும். நான் மட்டும் கேக்க மாட்டேன்."

அவன் கேட்டால் இவள் இருப்பாள். இவள் தானாகவே இருக்கவேண்டும் என்பதால்தான் அவன் கேட்கவில்லை. இரண்டையும் தெரிந்தவள் நான் ஒருத்தி. சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்துவிட்டு மூன்று நாளாக உட்கார்ந்து முடிவு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு (அ): விமான நிலையத்துக்குக் குதிரையில் பாய்ந்து வருகிறான். கிழித்துவிட்டேன். அவன் குதிரைக்குக் கால் வீங்கியிருக்கிறது.

முடிவு (ஆ): அவள் போய்விடுகிறாள். அடுத்த பனிக்காலம், காலை ஐந்து மணி, ஆளில்லாத வீட்டு வாசலில் ஆர்லன் பனி தள்ளிக்கொண்டு

இதற்கு மேல் எழுத முடியவில்லை. அழுதுவிட்டேன். "வெங்காயமா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரர் தாண்டிப் போனார்.

முடிவு (இ): வருடங்கள் கழிந்து, ஒரு

6

கதவு தட்டப்பட்டது. நடீன். கையில் கையெழுத்துப் போடாத படிவம்.

"என்னடி எழுதுற?"

"மளிகை லிஸ்ட்."

"நாலு பக்கத்துக்கா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முகம் வாடிக் கிடந்தது. "நாளைக்கு அனுப்பணும். கடைசியா அவன் ஏதாவது சொன்னானா, உன் வீட்டுக்காரர்கிட்ட?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்பது வருடம், ஜன்னல், ரோடு, ஒன்று விடாமல்.

படிவத்தை மேஜையில் போட்டாள். பிறகு, "முட்டாள்!" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "கடைஞ்செடுத்த முட்டாள்! என் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டு ஆறு மாசம் ஆகுது, அதைத் திறக்கக்கூட எனக்கு நேரமில்லைடி!"

படிவத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். மேஜையில் கிடந்த என் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். அவள் வண்டி முச்சந்தியில் ஆர்லன் பண்ணைப் பக்கம் திரும்பியது.

"சொல்லிட்டியா?" என்றார் வீட்டுக்காரர், உள்ளிருந்து.

"சொல்லிட்டேன்."

"அப்பாடா" என்றார் அந்த மனிதர்.

இதைப் பென்சிலில் எழுதுகிறேன், முனையும் தேய்ந்துவிட்டது. அங்கே என்ன பேசப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இனி நீங்கள் எழுதுங்கள். நடீனுக்கு எத்தனை பக்கம் வேண்டுமானாலும் கொடுங்கள், திட்ட நிறைய வைத்திருக்கிறாள். ஆர்லனுக்கு மட்டும் ஒரு வார்த்தைக்கு மேல் கொடுத்துவிடாதீர்கள். பாவம், அதற்கே அவனுக்கு ஒரு வருடம் ஆகியிருக்கிறது.