ஆளுக்கொரு பாதை

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவும் மெஷினில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "லோர்னா, நாம தனித்தனியா இருந்துடலாம்னு தோணுது" என்றான் கர்டிஸ். குரலில் கோபம் இல்லை. வேறு பெண் யாரும் இல்லை என்று அவனாகவே சொன்னான். அதை அவள் நம்பினாள். தட்டில் காய்ந்து ஒட்டியிருந்த சீஸைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தவள், சுரண்டி முடித்துவிட்டு, "சரி" என்றாள். பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஜூலையில உங்க அப்பாவோட எண்பதாவது பிறந்தநாள் இருக்கே. மலையில தங்க கேபின் எல்லாம் புக் பண்ணியாச்சே."

"அது முடியட்டும். அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லிக்கலாம்."

"பிரிட்டாகிட்ட?"

"அவகிட்டயும் அப்புறந்தான்."

இத்தனை வருஷக் கல்யாணம், மெஷின் ஓடி முடிவதற்குள் பேசி முடிந்துவிட்டது. அவன் கீழே இருந்த விருந்தாளி அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டான். குறட்டை என்று மகள் பிரிட்டாவிடம் காரணம் சொன்னார்கள்.

லோர்னா அழுகைக்காகக் காத்திருந்தாள். அவர்கள் ஊரான ஃபார்கோவில் அந்த வருஷம் குளிர் கொன்றது. வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியில் தினமும் யார் யாருடைய வாயையோ சுத்தம் செய்தாள். "நல்லாத் தேய்க்கிறீங்க, ஈறுதான் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்று சொல்வாள். ஒருநாள் சாயங்காலம் கடை வாசலில் காரை நிறுத்தி, அழுகை இப்போது வரும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. உள்ளே போய்ப் பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பயணத் திட்டம் போடுவது எப்போதும் அவள் வேலைதான். ஏப்ரலில் மொன்டானா மலைகளில் இருக்கும் கிளேசியர் தேசியப் பூங்காவின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜை முழுக்க விரித்தாள். போகிறவர்கள் ஆறு பேர். மாமனார் வெர்லின், தானியக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், போன வருஷம் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர். கர்டிஸின் தங்கை மார்சி, மினியாபொலிஸில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். அவள் மகன் ஓட்டிஸுக்கு நாலு வயது. பிறகு இவர்கள் மூவர். பிரிட்டாவுக்குப் பதினாறு வயது, மலை விளிம்பில் தொங்கினால்தான் நடந்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

ஆறு பேரும் ஒரே பாதையில் நடக்க முடியாது என்பது யாருக்கும் புரியும். இரண்டு அணியாகப் பிரிய வேண்டியதுதான். லோர்னா பிரித்தாள். எந்த நாளிலும் கர்டிஸ் இருக்கும் அணியில் அவள் இல்லை. அதற்காக அவள் கஷ்டப்படவே இல்லை. இடுப்பு ஒரு பக்கம், தள்ளுவண்டி ஒரு பக்கம், பதினாறு வயதின் வேகம் ஒரு பக்கம் என்று கணக்கு தானாகவே அப்படி விழுந்தது.

மார்சி போனில் வந்தாள். "முதல் நாள் தேவதாரு மரப் பாதைன்னு போட்டிருக்கியே, அதுல வண்டி போகுமா?"

"பலகை போட்ட பாதைதான். சக்கர நாற்காலியே போகும். நீ, ஓட்டிஸ், வெர்லின், நான். கர்டிஸும் பிரிட்டாவும் அங்கிருந்து மேலே ஏரிக்குப் போயிடுவாங்க."

"மறுநாள்?"

"மறுநாள் நான் பிரிட்டாவோட மலையோரப் பாதை. நீங்க எல்லாரும் கர்டிஸோட ஏரிக்கரை."

"கரடி வந்தா என்ன பண்றது?"

"மிளகாய் ஸ்பிரே ரெண்டு வாங்கியிருக்கேன். அணிக்கு ஒண்ணு."

"எங்க அண்ணன் உன்னைக் கட்டினதுதான் அவன் வாழ்க்கையில பண்ணின ஒரே புத்திசாலித்தனம், போ" என்றாள் மார்சி. லோர்னா வரைபடத்தின் ஒரு மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். "ஓட்டிஸுக்கு மழைக்கோட்டு எடுத்துக்கோ" என்றாள்.

முதல் இரண்டு நாளும் போட்ட திட்டப்படியே நடந்தன. தேவதாரு மரங்களுக்கு நடுவே வெர்லின் இரண்டு கைத்தடிகளை ஊன்றி நடந்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "மேலே போகாதீங்க, ஒண்ணுமில்ல, நானே இப்பதான் ஓடிப் போயிட்டு வந்தேன்" என்றார். மறுநாள் செங்குத்துப் பாறையில் கட்டியிருந்த கம்பியைப் பிடித்தபடி லோர்னா மகளுக்குப் பின்னால் நடந்தாள். பிரிட்டா கீழே எட்டிப் பார்த்து, "அம்மா, உனக்குப் பயமா இல்லையா? போன தடவை கொலராடோல என் சட்டையைப் பிடிச்சுட்டே வந்தியே" என்றாள். லோர்னாவும் எட்டிப் பார்த்தாள். கீழே சாலையில் கார்கள் சின்னச் சின்னதாகப் போய்க்கொண்டிருந்தன. "இல்ல" என்றாள். பிரிட்டா அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு நடந்தாள்.

மூன்றாம் நாள்தான் வெர்லினின் பிறந்தநாள். அன்று விடியும்போதே ஓட்டிஸ் காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். மார்சி அவனோடு கேபினில் தங்கிவிட்டாள். மீதி இருந்தது நாலு பேர். வெர்லின் காபியை வைத்துவிட்டு, "அப்ப அணியெல்லாம் கிடையாது. இன்னைக்கு நான் சொல்றதுதான். கணவாய்க்கு மேலே அந்த ஒளிஞ்ச ஏரி இருக்குல்ல, நாலு பேரும் அதைப் பார்க்கப் போறோம்" என்றார்.

"அது ஏத்தம், வெர்லின். இடுப்பு..."

"புது இடுப்பும்மா. ஏகப்பட்ட செலவு. சும்மா உட்கார வைக்கவா மாத்தினேன்?"

வண்டி நிறுத்த இடம் கிடைக்க வேண்டும் என்று சீக்கிரமே கிளம்பினார்கள். மரப்படிகள் புல்வெளி நடுவே மேலே மேலே போயின. ஓரங்களில் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. பாதி தூரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெர்லின் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தார். "எனக்கு இது போதும். நீங்க ரெண்டு பேரும் போய்ப் பார்த்துட்டு வாங்க. பிரிட்டா எனக்குத் துணை."

"நான் இருக்கேன். கர்டிஸும் பிரிட்டாவும் போகட்டும்" என்றாள் லோர்னா.

"மூணு நாளா பார்க்கிறேன், எங்கே போனாலும் நீ இப்படி எதையாவது சொல்லி மாத்துற. போம்மா."

இருவரும் போனார்கள். படிகளில் கொஞ்ச தூரம் ஏறினார்கள். பிறகு கர்டிஸ், "வெந்நீர் ஹீட்டர் சத்தம் போடுது, கவனிச்சியா?" என்றான்.

"ம். ஆளைக் கூப்பிடணும்."

"ஒரு வீடு பார்த்திருக்கேன். ஆத்தங்கரைப் பக்கம். செப்டம்பர்ல காலி ஆகுது."

"பக்கந்தான். பிரிட்டாவுக்கு ஸ்கூலுக்கு வசதி."

பனி மூடிய சரிவு ஒன்று வந்தது. அவன் முதலில் கடந்து, திரும்பி, பழக்கத்தில் கையை நீட்டினான். அவளும் பிடித்துக்கொண்டு கடந்தாள். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடிக்கிற மாதிரிதான் இருந்தது. மேலே ஏரி கரும்பச்சையாக மலைகளுக்கு நடுவே கிடந்தது. அழகு என்று அவளுக்குத் தெரிந்தது. கூட்டிப் பார்த்த கணக்கு சரி என்று தெரிவதைப் போல. சிவப்புத் தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி தானாகவே வந்து, "குடுங்க, நான் எடுக்கிறேன். இன்னும் கிட்டக்க நில்லுங்க, கடிச்சிட மாட்டாரு" என்று போனை வாங்கினாள். நெருங்கி நின்றார்கள்.

கீழே வந்தபோது பிரிட்டா முழங்காலைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்திருந்தாள். வெர்லின் இரண்டு கைத்தடிகளையும் மடித்து மடியில் வைத்திருந்தார்.

"பிள்ளையைத் திட்டாதீங்க. நான்தான் கேட்டேன்" என்றார்.

கர்டிஸ் அப்படியே நின்றான். லோர்னா மகளைப் பார்த்தாள். "உனக்கு எப்போ...?"

"பிப்ரவரிலயே தெரியும்மா. அப்பா போன்ல வீடு தேடிட்டிருந்தார். நீங்க ரெண்டு பேரும் குறட்டைன்னு சொன்னீங்க. அப்பா குறட்டையே விட மாட்டார்." அவள் குரல் உடையவில்லை. அம்மாவைப் போலவே பேசினாள். லோர்னாவுக்கு உள்ளே எங்கோ அது குத்தியிருக்க வேண்டும். குத்தியதா என்று தேடிப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து ஆளுக்கொரு சாண்ட்விச் எடுத்துக் கொடுத்தாள். யாரும் சாப்பிடவில்லை.

"பிரியறது உங்க பாடு," என்றார் வெர்லின். "அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா ஆறு மாசமா எனக்காக வாயை மூடிட்டு இருந்தீங்களாம். நான் என்ன ஓட்டிஸா? பிறந்தநாள் பொம்மையைக் காட்டி என்னைச் சமாளிக்கணுமா?"

"அப்பா, உங்க சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம்னுதான்..."

"கெடுக்கல. நல்லா நடத்துனீங்க. அணி பிரிச்சு நடத்துனீங்க." கைத்தடிகளை நீட்டிக்கொண்டு எழுந்தார். கர்டிஸ் கை கொடுக்கப் போனபோது அதை வாங்கிக்கொள்ளாமல், ஒவ்வொரு படியாக, தானே இறங்கினார்.

அன்று ராத்திரி கேக்குக்குப் பதிலாக, ஹக்கிள்பெரி என்ற காட்டுப் பழத்தை வைத்துச் சுட்ட மாவுப் பண்டம் ஒன்றில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மார்சி மட்டும் பாடினாள். மற்றவர்கள் வாயசைத்தார்கள். மறுநாள் படகுத்துறைக்குப் போக வேண்டிய நேரத்தில் வெர்லின் கேபின் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "நான் வரல. என் இடத்துல வேற யாரையாவது போட்டுக்கோ" என்றார். அன்று யாரும் எங்கும் போகவில்லை. மதியத்துக்கு மேல் கர்டிஸ் வெளியே போய் அப்பாவின் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். ரொம்ப நேரம் இரண்டு பேரின் முதுகும் ஜன்னல் வழியே தெரிந்தது. யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று லோர்னாவுக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. துணிகளை மடித்தாள்.

சாயங்காலம் வெர்லின் உள்ளே வந்து, அவளிடம் நேராகக் கேட்டார். "நாளைக்குக் கடைசி நாள். ஆறு பேரும் ஒண்ணாப் போற மாதிரி பாதை இருக்கா?"

"ஓட்டிஸ் நடக்கிற வேகத்துல போனா எங்கேயும் போய்ச் சேர மாட்டோம்."

"எங்கே சேரணும் இப்ப?"

ஏரிக்கரை ஓரமாக ஒரு பாதை இருந்தது. காலையில் ஆறு பேரும் அதில் நடந்தார்கள். காது வலி குறைந்த ஓட்டிஸ் முன்னால் போனான். எறும்பைப் பார்த்தால் நின்றான், விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்தால் ஏறினான். அவன் நின்றபோதெல்லாம் பின்னால் ஐந்து பேரும் நின்றார்கள். இடம் குறுகலாக இருந்ததால் லோர்னாவும் கர்டிஸும் சில சமயம் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. யாரும் விலகவில்லை.

அப்படி ஒருமுறை நின்றபோது வெர்லின், "மார்சி, உங்க அண்ணனும் லோர்னாவும் பிரியறாங்க. உனக்கும் தெரியட்டும்" என்றார், மழை வரும் என்று சொல்கிற குரலில்.

மார்சி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதான் என்னையும் என் தள்ளுவண்டியையும் ஆளுக்கொரு நாள் மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டீங்களா? நான் வேற, என்னோட நடக்கப் பிடிக்கலையோன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன்." பிறகு லோர்னாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டவள் அவள்தான்.

கரையில் நிறம் நிறமாகக் கூழாங்கற்கள் தண்ணீருக்கடியில் கிடந்தன. ஓட்டிஸ் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கிவிட்டான். கர்டிஸ் அவனைத் தூக்கி வந்து நனைந்த காலுறையைக் கழற்றினான். லோர்னா பையிலிருந்து உலர்ந்த ஜோடி ஒன்றை எடுத்து நீட்டினாள். "தேங்க்ஸ்" என்று வாங்கிக்கொண்டான். பிரிட்டா பாறைமேல் படுத்திருந்தாள். தொப்பி முகத்தை மறைத்திருந்தது.

வெர்லின் மெதுவாக லோர்னாவுக்குப் பக்கத்தில் ஒரு மரத்துண்டில் உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷப் பயணத்துக்கு நீ வருவியா?"

"தெரியல, வெர்லின்."

"கோபமா இருக்கியா?"

"இல்ல. ஒண்ணுமே இல்ல. அதுதான்."

அவர் தலையாட்டினார். கைத்தடிகளைக் காலருகே சாய்த்துவிட்டு, "இடுப்பு மாத்தினப்ப எனக்கு ரெண்டு நாள் கால் இருக்கிறதே தெரியல" என்றார். "நர்ஸு வந்து கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பா. தெரியுதான்னு கேட்பா. இல்லம்பேன். சரின்னு எழுதிட்டுப் போயிடுவா."

"அப்புறம்?"

"அப்புறம் வலிச்சுது. வலிச்சப்ப அவளைத்தான் திட்டினேன்."

ஓட்டிஸ் ஒரு சிவப்புக் கல்லைக் கொண்டுவந்து வெர்லினின் கையில் வைத்தான். எடுத்துப் போகக் கூடாது, பூங்காவின் கல் என்று அவர் சொன்னார். அவன் யோசித்துவிட்டு அதைத் திரும்ப ஏரியில் போட்டான். பிறகு இன்னொன்று கொண்டுவந்தான். வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே இருந்தார்கள்.