தலைவர் மகளின் தொண்டை

பழனியப்பன் கெட்ட மனுஷன் இல்லை. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், அவ்வளவுதான். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை பிடிக்க பினாங்கு ஜோர்ஜ்டவுன் அடுக்குமாடிகளில் படியேறித் தேய்ந்தவர். அவரிடம் போய்த் தலைமையாசிரியை, "ஹெல்த் ஆளுங்க வர்றாங்கண்ணே. எத்தனை பிள்ளைங்க தொண்டையில கிருமி இருக்குன்னு பார்க்கணுமாம்" என்றால் சும்மா இருப்பாரா?

"கிருமி ஸ்கூல்னு பேரு வந்தா அடுத்த வருஷம் ஒரு பிள்ளை வராது டீச்சர். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?"

நேரம் பார்த்து அவர் மகள் லவினேஸ்வரிக்கே தொண்டை வலி, காய்ச்சல். தலைவர் வீட்டிலேயே கிருமி என்றால் மானம் ஃபெரி ஏறி அக்கரை பட்டர்வொர்த் வரை போய்ச் சேர்ந்துவிடும். மனைவி பல் பிடுங்கியபோது மிஞ்சிய ஆன்டிபயோட்டிக் கொஞ்சம் வீட்டில் கிடந்தது. அது தீரும்வரை கொடுத்தார். வலி போனது. பள்ளியில் தொண்டைக்குள் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்தார்கள். சுத்தம். தலைவருக்குப் பெருமை தாங்கவில்லை.

சில வாரம் கழித்து முடிவு சொல்லக் கூட்டம் போட்டார்கள். காலையில் மகள் ஒரு முட்டி வலிக்கிறது என்றாள். நெட்பால் ஆடி விழுந்திருப்பாள் என்று தைலம் தேய்த்து, கூடவே அழைத்து வந்திருந்தார்.

டாக்டர் ஷாஹிரா பினாங்குப் பெண், தமிழிலேயே பேசினார். "இந்தக் கிருமி எல்லா ஸ்கூல்லயும் இருக்கு. இங்கயும் கிளாஸுக்கு ரெண்டு மூணு பேருக்கு இருக்கு. பிள்ளை நல்லா இருந்தா மருந்தே வேணாம். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தா மட்டும் கிளினிக் வாங்க, குடுக்குற மருந்தை முழுசா முடிங்க. அரைகுறையா விட்டா சில பிள்ளைங்களுக்கு அப்புறமா மூட்டு வீங்கும், இருதயத்தையும் பிடிக்கும்."

"இவ்வளவுதானா! பியாசா லா, சாதாரணம்தான்" என்று பெற்றோர்கள் சாப்பாட்டு மேசையில் இருந்த மீகோரெங் நூடுல்ஸ் பக்கம் நகர்ந்தார்கள். யாரும் பள்ளி மாற்றுவதாகத் தெரியவில்லை.

பழனியப்பன் மேடையேறி டாக்டரிடம் போனார். "டாக்டர், என் பொண்ணு..."

"லவினேஸ்வரியா? அவளுக்கு ஒண்ணுமே இல்லையே."

"இருந்துச்சு டாக்டர். மிச்ச மருந்தைக் குடுத்து நான்தான் மறைச்சேன்."

"மைக் ஆன்ல இருக்குண்ணே" என்றார் தலைமையாசிரியை மெதுவாக.

"இருக்கட்டும் டீச்சர்!"

டாக்டர் எழுந்துவிட்டார். "பொண்ணு எங்க?"

திடலில் கிருமியுள்ள பிள்ளைகள், கிருமியில்லாத பிள்ளைகள், எல்லாரும் ஓடிப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். லவினேஸ்வரி படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை.

"அப்பா," என்றாள், "இப்ப இந்த முட்டியும் வலிக்குதுப்பா."