வெள்ளி, பத்தரை முதல் பன்னிரண்டு வரை

இராசநாயகம் பல்லுப் பிடுங்கப் போவதற்கும் பஞ்சாங்கம் பார்த்த மனிதர். வெங்காயம் நடுவதற்கு மட்டுமா, வெங்காயத்துக்கு மருந்தடிக்கவும் நல்லநேரம் பார்ப்பார் என்று புத்தூரில் பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்டவர் இன்று, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, நடு இராகுகாலத்தில், மகளின் பையைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்தார்.

"இஞ்சேருங்கோ, ராகுகாலமெல்லே! பன்ரண்டுக்குப் பிறகு வெளிக்கிட்டா கொழும்பு ரெயின் ஓடிப்போயிடுமே?" என்று மனைவி குணலட்சுமி வாசலில் நின்று கத்தினாள்.

"ராகுகாலமும் மண்ணாங்கட்டியும்! அதைப் பாத்துத்தானே பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண்ணள்ளிப் போட்டனான்."

ஐந்து வருடமாக அப்பா சொல்லும் அதே வசனம். ஐந்து வருடமாக மகள் கஜந்தினியும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது அவளுக்கு இருபது வயது. கோலூன்றிப் பாய்தலில் பதினொரு அடியைத் தாண்டியிருந்தாள். ஒரே மாதத்தில் இரண்டு வாய்ப்புகள் வந்தன. கொழும்பில் ஒரு வங்கி, தன் அணிக்குப் பாய்ந்தால் மூன்று வருட ஒப்பந்தம், பிறகு நிரந்தர வேலை என்றது. போலந்திலிருந்து ஒரு பயிற்சியாளர், ஒரு வருடம் தன்னிடம் வந்து பழகச் சொன்னார். சாப்பாடும் படுக்கையும் உண்டு, சம்பளம் இல்லை. உயரம் ஏறினால் உலகப் போட்டி, ஏறாவிட்டால் வெறுங்கையோடு வீடு. வெள்ளிக்கிழமை, உங்கள் நேரம் மதியம் பன்னிரண்டுக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார். வங்கிக்காரர் அன்று பின்னேரம் கையெழுத்து வாங்க வருவதாக இருந்தது.

வீட்டில் போலந்துதான் என்று முடிவாகிவிட்டது. முதலில் சொன்னதே அப்பாதான். "வங்கி எங்கை ஓடப்போகுது? நீ பாஞ்சு பார் பிள்ளை." ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை விடியவே அவள் ஒரு வரி அனுப்பியிருந்தால் காரியம் முடிந்தது. அனுப்பினாளா? தலை முழுகினாள். கோயிலுக்குப் போனாள். என்றுமில்லாதபடி ஒன்பது தரம் வீதி சுற்றினாள். வீட்டுக்கு வரும்போது பத்தே முக்கால்.

"அட, ராகுகாலம் துவங்கிட்டுது. பன்ரண்டு அடிச்சோடனை அனுப்பு," என்றார் அப்பா.

"பன்ரண்டுக்குள்ளை எண்டெல்லோ சொன்னவர்."

"அஞ்சு நிமிசம் பிந்தினா வெள்ளைக்காரன் கோவிச்சுக்கொண்டு போயிடுவானே?"

"ஓம் அப்பா," என்றாள். எதிர்த்து ஒரு சொல் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

உண்மையில் வெள்ளைக்காரர் கோவிக்கவில்லை. பன்னிரண்டே காலுக்கு அவரே போன் எடுத்தார். கஜந்தினி கிணற்றடிக்குப் போய்க் கதைத்தாள். பின்னேரம் வரை இடத்தை வைத்திருக்கிறேன், வருகிறாயா என்று கேட்டார். அவளுக்கு, வெறுங்கையோடு திரும்பி, இதே ஒழுங்கையால், இதே சனத்தின் முகத்தில் முழித்துக்கொண்டு நடந்து வருவதுதான் கண்ணுக்குள் நின்றது. மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். உள்ளே வந்து, "பிந்தினதாலை வேறை ஆருக்கோ குடுத்திட்டினமாம்" என்றாள்.

இராசநாயகம் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பாவி. பின்னேரம் வங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வங்கி சொன்ன சொல் தவறவில்லை. அவளும் மூன்று வருடம் பாய்ந்தாள். அதே பதினொரு அடி. அதற்குமேல் ஓர் அங்குலம் ஏறவில்லை, ஏறச் சொல்லி ஒருவரும் கேட்கவுமில்லை. இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, படிவத்தில் எங்கே கையெழுத்து வைப்பது என்று ஆட்களுக்குக் காட்டுகிறாள். எங்காவது நீளமாக ஒரு கம்பைக் கண்டால் உள்ளங்கை இன்னும் குறுகுறுக்கும். பாய்ந்து விழுந்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

பருத்தித்துறை வீதியில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸுக்காக இருவரும் நின்றார்கள். அப்பா மெலிந்துபோயிருந்தார்.

"நான் ஒருத்தன் அண்டைக்குக் குறுக்கை நிக்காட்டி..." என்று மறுபடி தொடங்கினார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, அண்டைக்கு அந்த வெள்ளைக்காரர் பிறகு போன் எடுத்தவர். பின்னேரம் வரைக்கும் இடமிருக்கு எண்டவர். நான்தான் மாட்டன் எண்டனான். பயந்துபோனன். உங்களிலை ஒரு பிழையுமில்லை."

அவர் அவளையே பார்த்தார். கண் கலங்கியது. பிறகு சிரித்தார்.

"உனக்குப் பயமோ? பதினொரு அடி உயரத்திலை தலைகீழாத் தொங்கின பிள்ளைக்கோ?"

"உண்மையாத்தான் அப்பா. கிணத்தடியிலை நிண்டு கதைச்சனான். சத்தியமா."

"சத்தியம் பண்ணாதை பிள்ளை. அப்பன்ரை மனம் ஆறோணுமெண்டு பொய்ச்சத்தியம் பண்ணிப் பாவத்தைத் தேடாதை."

காட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. அந்தப் போன் எப்போதோ பழுதாகிப்போனது. பஸ் வந்தது. பையை ஏற்றிவிட்டு, யன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

"இப்பவும் என்னைக் காப்பாத்தத்தான் பாக்கிறாய்," என்றார். "இப்பிடிப்பட்ட பிள்ளைக்குத்தானே நான் அப்பிடிச் செய்தனான்."

பஸ் வெளிக்கிட்டது.