உருளை நிற்கும்வரை

...இல்லை, அன்றைக்கும் இதே கார்தான், பலம் அளக்கிற இதே உருளைகள்தான், பட்டையை இறுக்கிக் கட்டியதும் இதே கைதான், அப்புறம் எப்படி மாறும்... பட்டறைக்காரர் மிதியை முழுக்க அழுத்தினார், டர்போ மூச்சை இழுத்துச் சீறியது, சக்கரத்தில் முன்னூற்றுப் பதினெட்டு குதிரைத்திறன், அன்று வந்ததும் அதேதான். தம்பி செத்து நாலு மாதம். காரை வாங்கப் போகிறவர் பலம் அளந்த சீட்டு கேட்கிறார் என்று தம்பி மனைவிதான் கொண்டுவந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். எஞ்சின் நானூறு தரும்ணே, என்று அன்று நண்பர்களோடு வந்து நின்றானே தம்பி, இரண்டு வருஷமாக இதையே கட்டிக்கொண்டு அழுதவன்... அண்ணன்காரர் இவர், முன்னூற்றுப் பதினெட்டு என்று அச்சாகி வந்த சீட்டை எந்திரத்திலிருந்து கிழித்து நீட்டி, "வாய்க்கு இருக்கிற பவர் வண்டிக்கு இல்லப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், அதுதான், அவனும் சிரித்தான், காதுமடல் மட்டும் சிவந்துபோயிருந்தது. பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ஒரு போன் போட்டிருக்கலாம். யார் முதலில் போடுவது?

கிளட்சை மிதித்து, காலை எடுக்காமல் காத்திருந்தார். எஞ்சினின் பிடி விட்டதும் சக்கரங்களும் உருளைகளும் தானாகச் சுற்றித் தானாகத் தளர்ந்தன. எவ்வளவு வேகமாகத் தளர்கிறது என்பதை வைத்துத்தான் கியரும் அச்சும் டயரும் வழியில் எவ்வளவு தின்றன என்று தெரியும்; தின்றதையும் கூட்டினால்தான் எஞ்சினின் உண்மையான பலம். ஒன்றரை நிமிஷ வேலை. எழுபத்தாறு... கூட்டினால் முன்னூற்றுத் தொண்ணூற்று நாலு. மறுபடி கூட்டிப் பார்த்தார். யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டதுபோல் திரை கலங்கியது.

"அவரு சொன்னது வந்துச்சா மாமா?" அவள் கதவருகே நின்றிருந்தாள்.

"ஆறுதான் கம்மி. அவன் சொன்னது சரிதாம்மா."

"அப்ப அன்னிக்கு?"

"அன்னிக்கு... உருளை நிக்கிறதுக்குள்ள பிரேக் போட்டு நிறுத்திட்டேன். வழியில தின்னதக் கூட்டவே இல்ல."

அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. "அந்தச் சீட்டை வச்சுக்கிட்டு மிச்ச பவர் எங்க போச்சு, எங்க போச்சுன்னு தேடிக்கிட்டே இருந்தாரு மாமா. எஞ்சின மூணு தடவ பிரிச்சுட்டாரு. ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முந்தின வாரங்கூட."

மூணு தடவை... இல்லாத கோளாறை. அவசரம்மா, என்று சொல்ல வாயெடுத்தார், வரிசையில் வேறு வண்டி நின்றது, அதனால்தான்... நின்றதா? அன்று விடுமுறை நாள், தம்பிக்காகவே ஷட்டரைத் தூக்கினார், நன்றாக நினைவிருக்கிறது, வாசலில் வேறு வண்டியே இல்லை.