தூக்கிப் போட்ட பலகைகள்

வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில், படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் பத்தக்கா தன் பலகையைப் பார்த்தாள். ஒரு கிழவர் ரேடியோவில் காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற படம். மரத்தில் சூடு வைத்து வரைந்தது. வரைந்தவள் அவள்தான். பிடிக்காமல் தூக்கிப் போட்டவளும் அவள்தான்.

கழுத்தடியில் நிழல் கொடுக்கப் போய், சூட்டுக்கம்பி கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டதில் தாடைக்குக் கீழே கரியாகிப்போன பலகை அது. இப்போது அந்தக் கரி, கிழவர் கழுத்தில் சுற்றியிருந்த மப்ளரின் மடிப்புக்குள் போயிருந்தது. மப்ளரை அவள் வரையவே இல்லை. அதற்குக் கோடும் இல்லை. தேன் நிறத்தில் தொடங்கி, வெல்லப்பாகாகி, மடிப்புக்குள் இருட்டி நின்றது. வெறும் நிறம்தான். ஆனால் தொட்டால் கம்பளி கையில் படும் போலிருந்தது.

யாரோ தன் வேலையில் கை வைத்திருக்கிறார்கள். கை வைத்ததோடு நிற்காமல் நன்றாகவும் ஆக்கிவிட்டார்கள். இரண்டில் எது தன்னை அதிகம் சுடுகிறது என்று அவளுக்கே பிடிபடவில்லை. கடைக்குள் போனாள்.

"இதை யார் கொண்டுவந்து குடுத்தாங்க?"

பிரேம் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "பேர் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டாங்கம்மா. நானும் சரின்னுட்டேன்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"நான் சட்டம் போடுறவன்மா, சட்டம் பேசுறவன் இல்ல. என்னை வச்சுக் குறுக்கு விசாரணை பண்ணாதீங்க."

அவள் கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. அவள் கம்பியின் நுனியில் ஒரு சின்ன வெட்டு உண்டு. ஒவ்வொரு வளைவும் முடிகிற இடத்தில் கோடு மயிரிழை போல இரண்டாகப் பிரியும். கிழவரின் காதோரத்திலும் அப்படித்தான் பிரிந்திருந்தது.

ரேடியோ, ஃபேன், கெட்டில் எல்லாம் பழுது பார்க்கிற கடையில் அவளுக்கு வேலை. ஒயர்களை ஈயம் உருக்கிப் பற்ற வைப்பது அவள் பொறுப்பு. 'பத்த வைக்கிற அக்கா' என்று கூப்பிடத் தொடங்கியது தேய்ந்து பத்தக்கா ஆகிவிட்டது. வீட்டில் வாக்குவாதம் வந்தால், "பேருக்கேத்த மாதிரி பத்த வைக்காதே" என்பார் கணவர்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சூடான கம்பி கைநழுவி மேஜைப் பலகையில் விழுந்து, பழுப்பாக ஒரு வளைவு விழுந்தது. பார்த்தால் யாருடைய மோவாய் மாதிரியோ இருந்தது. சும்மா ஒரு உதடு போட்டாள். பிறகு மூக்கு. முதலாளி வந்து திட்டுவதற்குள் ஒரு ஆள் மேஜையில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்தப் பைத்தியம்.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. சாமான் வந்து இறங்கும் மரப்பெட்டிகளை உடைத்துப் பலகை சேர்த்தாள். பிசின் உள்ள மரம் சூடு பட்டால் எதிர்த்துத் துப்பும் என்பதையும், ஒட்டுப்பலகையின் பசைப்புகை தலையைப் பிளக்கும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள். பென்சிலால் முதலில் வரைந்துகொள்கிற பழக்கம் அவளுக்கு வரவே இல்லை. அழிக்க முடியும் என்று தெரிந்தால் கை சோம்பேறியாகிவிடும் என்பது அவள் எண்ணம்.

வரைந்ததெல்லாம் முகங்கள். பழுது பார்த்த ரேடியோவைக் கொடுக்குமுன் ஒரு தடவை போட்டுக் காட்டுவார்கள் அல்லவா, அந்த நேரத்து முகங்கள். செத்துப்போச்சு என்று நினைத்தது திடீரென்று பேசும்போது, எவ்வளவு விறைப்பான ஆளுக்கும் முகம் தன்னை மறந்து திறந்துகொள்ளும். அதைப் பார்க்கத்தான் அவள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்பாள்.

கோடு அவளுக்குக் கைவந்துவிட்டது. நிழல் மட்டும் வரவில்லை. கன்னத்துக் குழி, கண்ணுக்கடியில் களைப்பு, எதைத் தொட்டாலும் கறுத்துவிடும். கெட்டுப்போன பலகைகளைத் தங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கில் போட்டுவிடுவாள். கட்டடம் பெருக்குகிற அம்மா எடுத்துப்போகிறார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை அந்த அம்மாவைப் படியில் மடக்கிக் கேட்டாள்.

"உங்க கட்டையா? நான் வர்றதுக்கு முன்னாடியே சாக்கு காலியாத்தானே கெடக்கும்! நீங்களே அடுப்புக்கு எடுத்துக்கிறீங்கன்னு நெனச்சேன்."

அப்படியானால் கட்டடத்துக்குள்ளேயேதான் ஆள். ஒருவேளை வீட்டுக்குள்ளேயே.

முதலில் கணவர்மேல் சந்தேகம் போயிற்று. அவர் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். அன்று மாலை அவர் கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கிரீஸ் வாசனைதான்.

"என்ன மோப்பம் பிடிக்கிறே?"

"மரம் கருகின வாசனை வருதான்னு பாத்தேன்."

"புருஷன் சட்டையில சென்ட் வாசனை தேடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். கருகின வாசனை தேடுற பொண்டாட்டி எனக்குன்னு வாய்ச்சிருக்கா."

சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்த வாசனை வீட்டில் இருந்தது. சமையலறையில் தண்ணீர் குடிக்க வந்த நாத்தனார் அவளைக் கடந்து போனபோது மெல்லியதாக அடித்தது.

நாத்தனார் கணவரின் தங்கை. அவர் 'குட்டி' என்று கூப்பிடுவார். கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் ஒரே பெட்டியோடு வந்து, பின்னறையில் தங்கி, ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக்கொடுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். இருக்கிற இடம் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்வாள், அதற்குமேல் ஒரு வார்த்தை கூட வராது. அந்த அமைதியை இவ்வளவு நாளும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தாள் பத்தக்கா. இப்போது அது அழுத்தமாகப் பட்டது.

கவனிக்கத் தொடங்கியபின் எல்லாமே கண்ணில் குத்தியது. நாத்தனாரின் விரல் நுனிகளில் பழுப்புக் கறை. வேலைக்குப் போகிறபோது பை புடைத்திருந்தது, வரும்போது சப்பையாக இருந்தது. அவள் குளிக்கப் போன சமயம் பத்தக்கா அந்தப் பையைத் திறந்து பார்த்தாள். டிபன் பாக்ஸ், சீப்பு, மடித்த உப்புத்தாள். மரம் தேய்க்கிற உப்புத்தாள்.

"துணி தேய்க்கிற இடத்துல உப்புத்தாளுக்கு என்னங்க வேலை?" என்று கணவரிடம் கேட்டாள்.

"அவ பையை நீ எதுக்குக் குடைஞ்சே?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது. நேரா அவளையே கேளேன்."

"கேட்டா ஒத்துக்கவா போறா?"

அவர் இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. அவர் பழுது பார்க்கிற லிஃப்ட் மாதிரியே, வீட்டுச் சண்டையில் எப்போதும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவார்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று பத்தக்கா முடிவு செய்தாள். மறுக்கவே முடியாத ஒன்றைச் சாக்கில் போட வேண்டும். அது நாத்தனாரின் முகமாகவே இருக்கட்டும்.

அதற்காக அவளைப் பார்க்க ஆரம்பித்தாள். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, ஜன்னலில் தலை துவட்டும்போது. இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் அந்த மூக்கு லேசாக இடப்பக்கம் சாய்ந்திருப்பதை இப்போதுதான் கண்டாள். மெல்லும்போது ஒரு கன்னம் மட்டும் வேலை செய்கிறது. யாராவது பேசினால் பார்வை அவர்கள் வாய்க்குப் போகிறதே தவிர, கண்ணுக்கு ஏறுவதில்லை. திருட்டு முழி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பியைச் சூடேற்றி உட்கார்ந்தாள். கை தடங்கலே இல்லாமல் ஓடியது. இறுக்கிய உதடு, ஒளித்து வைக்கிற கண், யாரையும் கிட்டே விடாத மோவாய். வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒரு பிடி கூடுதலாகப் போட்டாள். கடைசியில் கம்பியைக் கன்னத்தில் அழுத்தி, கறுப்பாக ஒரு திட்டு வரும்வரை எடுக்காமல் வைத்திருந்தாள். கெட்டுப்போன பலகை மாதிரி தெரிய வேண்டும் அல்லவா? புகை கண்ணைக் கரித்தது. மனசுக்குள் ஒரு திருப்தி ஓடியதையும் அவள் கவனிக்காமல் இல்லை. சாக்கில் போட்டாள். மறுநாள் காலையில் பலகை இல்லை.

அதன்பிறகு தினமும் பிரேம் கடை வழியாகவே வந்தாள். கிழவர் விற்றுப்போயிருந்தார். அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்தாள், அவளும் பத்தக்கா தூக்கிப் போட்டவள்தான். கரிந்த நெற்றி இப்போது நனைந்த கூந்தலாகியிருந்தது. பிறகு ஒரு தபால்காரர். ஆனால் நாத்தனாரின் முகம் வரவில்லை. வீட்டிலும் ஒரு மாற்றமும் இல்லை. வழக்கம்போல, "அண்ணி, சாதம் போடவா?" என்றாள். வழக்கம்போல வாயைப் பார்த்தாள்.

பார்த்துப் புரிந்துகொண்டாளா? எரித்துவிட்டாளா? அண்ணனிடம் காட்டிவிட்டாளா? வலை விரித்தவளுக்கே தூக்கம் போயிற்று. கணவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தாலே, இதுவோ என்று எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சலவைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே ஆவியில் ஆள் தெரியவில்லை. விரிப்புகள் மலைமலையாகக் கிடந்தன. வாசலில் துணி பிரித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் நாத்தனாரைக் கேட்டாள்.

"படக்காரியா? சாப்பாட்டு நேரம், பின்னாடி இருப்பா. சத்தம் போடாம போங்க, இல்லேன்னா அவ கை அசைஞ்சுடும்."

படக்காரியாம்! பத்தக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. தன்னை ஊரில் ஒருவர் கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

பின்பக்கம், அலமாரிகளுக்கு நடுவே ஒரு சந்து. நாத்தனார் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். மேஜையில் பத்தக்காவின் பலகை. அதன்மேல் ஈரத்துணியை ஒரு வடிவமாக மடித்துப் போட்டு, மூடாத இடத்தில் மட்டும் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றின் விளிம்பை வைத்திருந்தாள். துணியின் ஓரம் மெல்ல மெல்லக் காய்ந்தது. காயக் காய, மரத்தில் நிறம் துணிக்கு அடியில் ஊர்ந்து போயிற்று. நிழல் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது.

"இதான் சங்கதியா?" என்றாள் பத்தக்கா.

நாத்தனார் திடுக்கிட்டாலும் கையை அசைக்கவில்லை. பெட்டியை மெதுவாகத் தூக்கி நிறுத்திவிட்டுத்தான் திரும்பினாள்.

"அண்ணி."

"என் வேலையை எடுத்து உன் வேலைன்னு விக்கிறே."

"நீங்க தூக்கிப் போட்டதைத்தான் எடுத்தேன். நல்லதுல கை வச்சதே இல்ல."

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

பத்தக்கா யோசித்தாள். "மாட்டேன்."

"அதான் கேக்கல. முதல்ல விக்கணும்னு எல்லாம் இல்ல. சட்டம் போட்டு என் ரூம்ல மாட்டிக்கலாம்னுதான் போனேன். அவர் கண்ணாடிக்குள்ள வச்சார், யாரோ வாங்கிட்டாங்க. அப்புறம் நிறுத்த மனசு வரல." குரல் தாழ்ந்தது. "தப்புதான். உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் பத்தக்கா சுவரைப் பார்த்தாள். அலமாரிக்குப் பக்கத்தில், ஆணியில், அந்த முகம் மாட்டியிருந்தது. முகத்தைச் சுற்றி ஆவி மாதிரி இளம்பழுப்பு படர்ந்திருந்தது. முகத்தில் ஒன்றும் தொடப்படவில்லை. இறுக்கிய உதடு அப்படியே. கன்னத்துக் கறுப்பும் அப்படியே.

"இதை மட்டும் ஏன் சரி பண்ணல?" என்றாள் பத்தக்கா.

"மத்ததெல்லாம் கை தவறிக் கறுத்தது, அண்ணி. ஓரம் பிசிறியிருக்கும், கம்பியை எடுக்கப் பதறினது தெரியும். இது அப்படி இல்ல. நின்னு நிதானமா வச்சிருக்கீங்க. வேணும்னே வச்சதை நான் எப்படி மறைக்கிறது?"

பத்தக்காவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"மொதல்ல பாத்தப்போ அழுதேன்" என்றாள் நாத்தனார். "அப்புறம் இங்க மாட்டி வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். கோவமாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா மூக்கு சாஞ்சிருக்கிறது, ஒரு பக்கமா மெல்லுறது, எல்லாம் அதுல இருக்கு. என் மூஞ்சியை இத்தனை நேரம் யாரும் பாத்தது கெடையாது. கட்டிக்கிட்டவன் கூட."

அந்த வார்த்தை பத்தக்காவுக்குள் எங்கோ இறங்கியது. அதே நேரத்தில், இப்படிச் சொன்னால் அண்ணி இளகிவிடுவாள் என்று கணக்குப் போட்டுப் பேசுகிறாளோ என்றும் ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. பத்தக்கா அவள் கண்ணைத் தேடினாள். வழக்கத்துக்கு மாறாக அந்தப் பார்வை வாயிலிருந்து ஏறி அவள் கண்ணில் வந்து நின்றது. அதற்குமேல் சந்தேகத்துக்கு அங்கே பிடிமானம் கிடைக்கவில்லை.

"அந்தப் பெட்டி ஏன் இவ்வளவு சூடாகுது?" என்று பேச்சை மாற்றினாள்.

"தெர்மோஸ்டாட் போச்சு. துணியைக் கருக்குதுன்னு ஓரங்கட்டிட்டாங்க."

"எங்க கடைக்குக் கொண்டு வந்துடாதே. முதலாளி சரி பண்ணிக் குடுத்துடுவார்."

நாத்தனார் சிரித்ததை அவள் அன்றைக்குத்தான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தாள்.

உடனே எல்லாம் தேனும் பாலுமாக ஓடிவிடவில்லை. சாக்குக்குப் போகாமல் பலகைகள் நேராகக் கைமாறத் தொடங்கின, அவ்வளவுதான். பிரேம் கடைக்காரரிடம் இரண்டு பேரும் சேர்ந்தே போய், இது இருவர் வேலை என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். "இப்பவாவது வழக்கு வாபஸ்தானேம்மா?" என்றார் அவர். ஆனாலும் பலகை திரும்பி வரும்போதெல்லாம் பத்தக்கா ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், தன் கோட்டில் ஏதாவது மறைந்திருக்கிறதா என்று. "இங்க ஏன் இவ்வளவு இருட்டு? நான் போட்ட பல்லைக் காணோம்" என்பாள். "அந்தப் பல்லு தேவையில்ல, அண்ணி" என்று பதில் வரும். நாத்தனார் இப்போது பேசுகிறாள். பேசுகிறாள் என்ன, வாயாடுகிறாள். நடுவில் அகப்பட்ட கணவர், "முன்னாடி வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு" என்று புலம்புகிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்தக்கா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் முகத்தைப் புதிதாக வரைந்தாள். இந்தத் தடவை பிரியமாக, பொறுமையாக. உதட்டைத் தளர்த்தினாள், மூக்கைக் கூடக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டாள். முடித்து நீட்டினாள்.

நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பழசு மாதிரி இல்ல."

பத்தக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. பலகையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பளிச்சென்று இருந்தது, கோடு எங்கேயும் தடுமாறவில்லை. ஆனால் அதில் இருந்தவள் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

"திரும்ப உக்காரு" என்றாள், கம்பியைச் சூடேற்றிக்கொண்டே. "சிரிக்காதே. என் மேல ஏதாவது கோவம் இருந்தா அதை நெனச்சுக்கோ."

"நெறைய இருக்கு, அண்ணி" என்று நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.